போக விடாத சபை

ஹாய்ட் பிரஸ்லர் சபையில் சேர்ந்தபோது அதற்கு ஆன நேரம் நாலே நிமிஷம். கடைசிப் பாட்டின் மூன்றாம் சரணத்தில் எழுந்து முன்னால் போனார். போதகர் கையைக் குலுக்கினார், சபையார் ஆமென் சொன்னார்கள், முடிந்தது. அது நாற்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது அதே சபையை விட்டு வெளியே வருவதற்கு மனுஷன் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். ஜெயிலிலிருந்து விடுதலையாகிறவன்கூட ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான்.

அவர் கேட்டது என்னமோ ஒரு கடிதம்தான். பாப்டிஸ்டுகளுக்குள் அது பழைய வழக்கம். ஒருவர் சபை மாறிப் போனால், ‘இன்னார் எங்களிடம் நல்ல நிலையில் இருந்தார், உங்கள் கையில் ஒப்படைக்கிறோம்’ என்று பழைய சபை இரண்டு வரி எழுதிக் கொடுக்கும். புதிய சபை அதை வாசித்துக் கை தூக்கி ஏற்றுக்கொள்ளும். இரண்டு வரி. அதற்குத்தான் ஏழு வாரமாக அலைந்துகொண்டிருந்தார்.

கதையைச் சரியாகச் சொல்வதென்றால் அவருடைய மனைவி நெல்டாவிடமிருந்து தொடங்க வேண்டும். நெல்டா மலைமேல் இருக்கும் பைன் மேட்டுச் சபையில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு பெஞ்சு, ஒரு பியானோ, கோடையில் கையில் அட்டை விசிறி. அங்கே பிரசங்கம் ஒரு மணிக்கு முன்னால் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஹாய்ட் கீழே ஊருக்குள் இருந்த முதல் பாப்டிஸ்ட் சபைக்காரர். அங்கே ஏசி உண்டு, பன்னிரண்டு அடித்தால் ஆராதனை முடிந்துவிடும். பக்கத்து மெத்தடிஸ்ட் சபைக்காரர்கள் வெளியே வருவதற்குள் போய்ச் சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றுவிடலாம். பிந்திப் போனால் பொரித்த கோழியில் கழுத்தும் முதுகும்தான் மிஞ்சும். கல்யாணமானதும் அவர் தன் பக்கம் வந்துவிடுவார் என்று நெல்டா நினைத்தாள். அவள் தன் பக்கம் வருவாள் என்று இவர் நினைத்தார். ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பி, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போயின. நாற்பத்தோரு வருஷம் போயின.

ஒவ்வொரு புது வருஷத்தன்றும் நெல்டா கேட்பாள்: “ஹாய்ட், இந்த வருஷமாச்சும் உன் கடிதத்த வாங்கிட்டு வந்துடேன்.”

“அடுத்த வருஷம் பாக்கலாம்” என்பார் இவர்.

பொரித்த கோழிக்காக. நல்ல மனுஷன்தான், ஆனால் அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு கோழித் தொடைக்காக நாற்பத்தோரு தடவை பெண்டாட்டி வாயை அடைத்தவர் அவர்.

பிப்ரவரியில் நெல்டா போய்விட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் காபி போட்டவள் மத்தியானம் இல்லை. பைன் மேட்டுச் சபையார் பதினோரு பாத்திரம் சாப்பாடு கொண்டுவந்து வைத்து, குழியைத் தாங்களே தோண்டி, சபைக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் பண்ணினார்கள். ஹாய்ட்டின் சபையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நெல்டா அவர்களுடைய கம்ப்யூட்டரில் இல்லை.

அடக்கம் முடிந்த அன்றுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பைன் மேட்டுத் தோட்டத்தில் சபை அங்கத்தினருக்கு மட்டும்தான் இடம். நெல்டாவின் பக்கத்தில் ஆறடி மண் காலியாக இருந்தது, ஆனால் ஹாய்ட்டுக்கு அதில் உரிமை இல்லை. அவருக்கு வயது எழுபத்திமூன்று. இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுக் கிடந்தது. ஜூன் பத்தாம் தேதி நெஞ்சைப் பிளந்து மாற்றுவதாக இருந்தார்கள். பிழைக்க நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்றார் டாக்டர். மிச்சம் முப்பதைப் பற்றி ஹாய்ட் யோசித்தார். பைன் மேட்டில் ஆள் சேர்ப்பது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதாவது ஜூன் ஏழு. அதற்குள் கடிதம் வர வேண்டும். கடிதம் இல்லாதவனுக்கு மறுபடி முழுக்கு ஞானஸ்நானம், அதுவும் ஓடையில்; அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் ஆபரேஷனுக்கே வேலை இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு வரிக் கடிதம்தானே என்று ஏப்ரலில் கேட்டார். அங்கேதான் பிடித்தது சனி.

ஏனென்றால் முதல் பாப்டிஸ்ட் சபை இப்போது முதல் பாப்டிஸ்ட் சபை இல்லை. புதுப் போதகர் கோல்பி வந்தபிறகு அதன் பெயர் ‘ஊற்று’. பெஞ்சுகள் போய்த் தியேட்டர் நாற்காலிகள் வந்தன. சிலுவையை இறக்கிவிட்டுப் புகை கக்கும் இயந்திரத்தை ஏற்றினார்கள். வாசலில் காபிக் கடை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கோப்பை, ஒரு பனியன், முப்பத்தாறு மணி நேரத்துக்குள் ஒரு போன். முன்வாசலில் நூறு பேர் வந்தால் பின்வாசலில் எண்பது பேர் போய்விடுகிறார்கள் என்று ஆலோசகர் ஒருவர் படம் போட்டுக் காட்டினாராம். அதனால் பின்வாசலை அடைப்பதற்கென்றே ஒரு அதிகாரியை நியமித்திருந்தார்கள். பெயர் பெய்ஸ்லி, வயது இருபத்தொன்பது. அதற்கு முன்னால் உடற்பயிற்சிக்கூடக் கம்பெனி ஒன்றில் சந்தாவை நிறுத்த வருகிறவர்களை நிறுத்தவிடாமல் பிடித்துவைக்கும் வேலை பார்த்தவள். அங்கே தொப்பை, இங்கே ஆத்துமா. மற்றபடி வேலை ஒன்றேதான் போலிருக்கிறது.

பைன் மேட்டுச் சபையின் செயலாளர் வெர்லா, நெல்டாவின் அக்கா. எண்பது வயது, நாக்கு மட்டும் இருபது. முறைப்படி டைப் அடித்துக் கடிதம் கேட்டு எழுதினாள். பதிலுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. ஊற்றைப் பற்றி நண்பர்களிடம் சொல்வீர்களா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று.

ஹாய்ட்டுக்குப் போன் போட்டாள். “நான் கேட்டது கடிதம். இவனுங்க எனக்குப் பரீட்ச வைக்கிறானுங்க.”

“எத்தன மார்க் போட்டீங்க?”

“முட்ட போட்டேன். போட்ட அஞ்சாவது நிமிஷம் ஒருத்தன் கூப்பிட்டு, ஏன் மனசு நொந்திருக்கீங்கன்னு கேக்குறான். நொந்தது நீ கூப்பிட்டதுனாலதான்டான்னு வச்சுட்டேன்.”

அதன்பிறகு ஊற்று முழு வேகத்தில் ஹாய்ட்டின் பக்கம் திரும்பியது. முதலில் குறுஞ்செய்தி: ‘ஹாய்ட், நீங்கள் இல்லாமல் ஊற்று வற்றிவிட்டது.’ அடுத்து வாசலில் ஒரு கூடை. அதில் ‘இது என் இடம்’ என்று எழுதிய பனியன், அவருக்கு இரண்டு சைஸ் பெரிசு. அப்புறம் ஒருத்தர் ஒரு தட்டு பன்றி இறைச்சியோடு வந்து, பெயரைத் தப்பாகச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். இறைச்சி நன்றாக இருந்தது, அதை ஹாய்ட் மறுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு வாசலுக்கு நேரே பெயர் போட்ட பார்க்கிங் இடம் தருகிறோம் என்றார்கள். கடைசியில் போதகர் கோல்பியே வீடியோவில் வந்தார். மலைச்சூரியன் பின்னணியில் நடந்துகொண்டே, “உங்களைப் பத்தித்தான் இன்னிக்குக் காலைல நெனச்சேன்” என்று உருகினார். உருகும்போது ‘ஹாய்ட்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் யாரோ ஒரு பெண்ணின் குரலில் வந்து விழுந்தது.

நாற்பது வருஷமாக அந்தக் கட்டிடத்துக்கு வயரிங் பார்த்தவர் ஹாய்ட். கூரையில் ஏறி விழுந்து விலா எலும்பு முறிந்தபோதுகூட இப்படி யாரும் தாங்கவில்லை. போகிறேன் என்று சொன்னபிறகுதான் அவர் மேல் அவ்வளவு பிரியம் பொத்துக்கொண்டு வந்தது.

மே மாதம் கடைசி வெள்ளிக்கிழமை அவர் பொறுமை தீர்ந்து ஊற்றுக்கே போய்விட்டார். காபிக் கடையைத் தாண்டி, கண்ணாடி அறையில் பெய்ஸ்லி இருந்தாள். எழுந்து நின்று வரவேற்றாள். மரியாதை தெரிந்த பெண்தான்.

“வாங்க சார், உக்காருங்க. காபி? ஓட்ஸ் பால், பாதாம் பால் எல்லாம் இருக்கு.”

“மாட்டுப் பால்?”

“அது... கேட்டுப் பாக்கணும் சார்.”

“வேணாம்மா. எனக்குக் கடிதம் வேணும்.”

“அதப் பத்தித்தான் பேசப்போறோம்” என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக்கொண்டாள். “நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி, உங்க பயணத்தக் கொஞ்சம் புரிஞ்சுக்க ஆசப்படுறோம். எங்ககிட்ட எது கொறையா இருந்துச்சு?”

“ஒரு கொறையும் இல்ல.”

“இசை சத்தமா இருக்கா?”

“இருக்கு. காதுல இருக்குற மெஷினக் கழட்டிருவேன். அதுக்கப்புறம் நல்லா இருக்கும்.”

“மூத்தவங்களுக்கு ‘பொன் அலை’ன்னு ஒரு குழு ஆரம்பிக்கிறோம். மாசம் ஒரு பஸ் டிரிப். மொதல் சீட்டு உங்களுக்கு ஒதுக்கித் தர்றேன்.”

“எங்க கூட்டிட்டுப் போவீங்க?”

“முட்டைக்கோஸ் பண்ணைக்கு.”

ஹாய்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது. ஆனால் அவள் முகத்தில் விஷமம் ஒன்றும் இல்லை; சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. அவள் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் பெரிசாக ஒரு எண்: 91. பக்கத்தில் சிவப்பில் 93.

“அது என்னம்மா?”

“நூறு பேர்ல எத்தன பேர் தங்குறாங்கன்னு கணக்கு. ஜூன் முடிவுல தொண்ணூத்து மூணு வரணும். வரலன்னா...” என்று நிறுத்திக்கொண்டாள். “வரும்.”

“நான் போனா கொறையுமா?”

“கொஞ்சம்.” பிறகு உண்மையைச் சொன்னாள். “சார், வெளியேறுறதுக்குன்னு ஒரு வழிமுற இருக்கு. மூணு கலந்துரையாடல், அதுக்கப்புறம் நாப்பத்தஞ்சு நாள் யோசிக்கிறதுக்கு அவகாசம். அது முடிஞ்சாத்தான் சிஸ்டம் கடிதத்த அச்சடிக்கவே விடும். இன்னிக்கு நடந்தத மொதல் கலந்துரையாடலாப் போட்டுக்குறேன். என் கையில இருக்குறது அவ்வளவுதான்.”

“நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு நான் இருப்பனான்னு எனக்குத் தெரியலம்மா.” ஜூன் பத்தைப் பற்றிச் சொன்னார். நெல்டாவைப் பற்றிச் சொன்னார். இரண்டு வண்டிகளைப் பற்றியும், காலியாகக் கிடக்கும் ஆறடியைப் பற்றியும் சொன்னார். பொரித்த கோழியை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. “அவ கேட்டப்பல்லாம் அடுத்த வருஷம்னேன். அவ்வளவுதான். வேற கொற ஒண்ணும் இல்ல ஒங்க மேல.”

பெய்ஸ்லி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்துச் சொடுக்கத் தொடங்கினாள். “விலகும் காரணம்னு ஒரு பட்டியல் இருக்கு சார். ‘மனக்குறை’ போட்டா போதகர் கூப்பிடுவாரு. ‘வேறு சபை’ போட்டா நாப்பத்தஞ்சு நாள். ‘ஊர் மாற்றம்’ போட்டா அம்பது மைலுக்கு அந்தாண்ட ஒரு விலாசம் கேக்கும்.”

“பொய் விலாசம் குடுக்க மாட்டேன்.”

“தெரியும்.” அவள் உதட்டைக் கடித்தாள். “ஒண்ணே ஒண்ணுக்குத்தான் அவகாசம் கெடையாது. கலந்துரையாடல் கெடையாது. எங்க எண்ணும் கொறையாது. அத நஷ்டமாவே கணக்குல எடுக்குறதில்ல.”

“எது?”

“‘பரலோகப் பிரவேசம்.’”

ஹாய்ட்டுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். நெல்டா போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான். செத்தால்தான் விடுவார்களாம், செத்தால் கேள்வியே கேட்காமல் விடுவார்களாம்.

“அதுவும் பொய்தானே பெய்ஸ்லி?”

“பொய்தான். ஆனா அது நான் சொல்ற பொய், நீங்க சொல்றதில்ல. பைன் மேட்டுல நீங்க உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. ஏத்துக்குறதும் ஏத்துக்காததும் அவங்க பாடு.” அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “சாகடிச்சிரட்டுமா சார்?”

“ஆகட்டும்மா.”

சொடுக்கினாள். மூலையில் இயந்திரம் முனகி, தங்கக் கரை போட்ட ஒரு தாளைத் துப்பியது. ஹாய்ட் பிரஸ்லர் தன் கடைசி மூச்சுவரை சபையோடு முழு ஐக்கியத்தில் இருந்தார் என்று அதில் எழுதியிருந்தது. கீழே கோல்பியின் கையெழுத்து அச்சாகவே வந்திருந்தது. ஏழு வாரம் உயிரோடு அலைந்து கிடைக்காதது, செத்த பன்னிரண்டாவது நொடியில் கைக்கு வந்தது. அதே நேரத்தில் அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ‘அன்பான ஹாய்ட், ஹாய்ட்டை இழந்து வாடும் உங்களோடு ஊற்றும் கண்ணீர் விடுகிறது.’ நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அவர் தன் எண்ணையேதான் கொடுத்திருந்தார்.

ஜூன் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. பைன் மேட்டில் இருபத்தேழு பேர் இருந்தார்கள். அங்கே ஒரு கை குறைந்தாலும் ஆளைச் சேர்க்க மாட்டார்கள், ஏகமனதாக இருக்க வேண்டும். போதகர் ஓடல் கோழிப்பண்ணைக்காரர், ஞாயிறு மட்டும் டை கட்டுவார். ஹாய்ட் முன்னால் போய் நின்று, கடிதம் எப்படி வந்தது என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். வெர்லா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடிதத்தைச் சபைக்கு வாசித்தாள். வாசித்து முடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஓடல் தொண்டையைச் செருமினார். “சபையார் கேட்டீங்க. நல்ல கடிதம். முழு ஐக்கியத்துல இருந்தாருன்னு சொல்லுது, செத்துட்டாருன்னும் சொல்லுது. பிரதர் ஹாய்ட் இங்க நிக்கிறாரு. என்ன பண்ணலாம்?”

பின்பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்: “நம்ம சட்டத்துல, ஆள் நல்ல நெலமைல இருக்கணும்னுதானே இருக்கு? உசுரோட இருக்கணும்னு இருக்கா?”

“நான் பாத்தவரைக்கும் இல்ல” என்றார் ஓடல்.

“அப்பச் சரிதான்.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. சம்மதமானவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் ஓடல். கைகள் எழுந்தன. இருபத்தாறு. வெர்லாவின் கை மட்டும் மடிமேல், அந்தக் கடிதத்தின்மேல் கிடந்தது.

“சிஸ்டர் வெர்லா?”

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு.” அவள் எழுந்திருக்கவில்லை. “ஹாய்ட், நீ எதுக்கு இங்க வர்ற? அந்தக் குழிக்கா?”

இந்தக் கேள்வி வரும் என்று ஹாய்ட்டுக்குத் தெரியும். விசுவாசம், ஐக்கியம் என்று ஒரு பதிலைத் தயார் பண்ணி, வண்டியில் வரும்போது இரண்டு தடவை சொல்லியும் பார்த்திருந்தார். வெர்லாவின் முகத்தில் தங்கையின் ஜாடை இருந்தது. தயார் பண்ணியதைச் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா. குழிக்குத்தான். அவ பக்கத்துல படுக்கணும், வெர்லா. வேற எங்கயும் படுக்க என்னால முடியாது.”

“குழிக்கு வான்னா அவ கேட்டா?”

“இல்ல.”

“பின்ன எதுக்குக் கேட்டா?”

வெர்லா விரலை நீட்டி நாலாவது பெஞ்சைக் காட்டினாள். “ஜன்னலோரம் அவ எடம். வந்து ஒக்காந்ததும் மொத வேலையா கைப்பையத் தூக்கிப் பக்கத்துல வைப்பா. ஈஸ்டருக்கு எடமில்லாம சனங்க செவுத்தோரம் நிப்பாங்க, அப்பவும் எடுக்க மாட்டா. யாராச்சும் ஒக்கார வந்தா, ஆள் வர்றாருங்கன்னு சொல்லுவா. கல்யாணமான மொத வாரத்துலருந்து போன பிப்ரவரி வரைக்கும் சொன்னா. மொதல்ல நாங்க நம்புனோம். அப்புறம் அவளுக்காக நம்புற மாதிரி இருந்தோம்.”

சபையில் விசிறிகள் நின்றுபோயிருந்தன. ஹாய்ட் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு வேண்டியது அந்த மண்ணு” என்றாள் வெர்லா. “அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஞாயித்துக்கிழம. அதக் குடுக்க உனக்கு ஆகல. இத உன்கிட்ட சொல்லாம சேத்துக்க எனக்கு மனசில்ல, அதான் சொன்னேன்.” பிறகு அவள் வலது கையை மெல்லத் தூக்கினாள். மூட்டுவாதக்காரி, தோளுக்குமேல் கை ஏறவில்லை. “எழுதிக்கிறேன் பாஸ்டர். ஏகமனது.”

ஓடல் வந்து அவர் கையைக் குலுக்கினார். வரிசையாக எல்லாரும் வந்து குலுக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கோப்பை கொடுக்கவில்லை. பிறகு அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஹாய்ட் மட்டும் நடுவழியில் நின்றார். நாலாவது பெஞ்சை விட்டு வேறெங்காவது உட்காரலாம் என்று பார்த்தார், ஆனால் அப்படிச் செய்ய அவருக்கு முகம் இல்லை.

போய், கைப்பை இருந்த இடத்தில் உட்கார்ந்தார். தலை குனிந்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அழுதார். ஓடல் வேதத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கியபோது ஒருவாறு நிமிர்ந்து, பழக்கமில்லாத கையால் ஜன்னலோரம் அவள் இருந்த இடத்தைத் துழாவினார். பெஞ்சுப் பலகை சில்லென்று இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு பிரசங்கம் எவ்வளவு நீளம் என்று அன்று ஒரு மணி அடித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.